நாலாம் நம்பர் பதில்

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் இதில் ஒரு வரிகூட நான் சேர்க்கவில்லை. நடந்தது ராத்திரியிலும் இல்லை. நரி ஊளையிடவில்லை, நாய் அழவில்லை, கரண்ட் போகவில்லை. பட்டப்பகல், மணி 2.52. ஆறு நாளும் அதே நேரம். பேய்க்கு நடுநிசிதான் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இங்கேயே எழுந்து போகலாம்.

நான் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். மதியம் இரண்டு முதல் நான்கு வரை கடையில் ஈ காக்கா இருக்காது. முதலாளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அலமாரிகளுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என் இன்னொரு வேலையைப் பார்ப்பேன். அதற்குச் சம்பளம் கிடையாது. மரியாதையும் கிடையாது. இணையத்தில் வண்ண மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. நாற்பத்தோராயிரம் பேர். நான் அதற்கு அட்மின்.

நாற்பத்தோராயிரம் பேர் என்றதும் பெரிய கூட்டம் என்று நினைக்க வேண்டாம். நாற்பத்தோராயிரம் சோம்பேறிகள். எண்பது பேரைத் தவிர எவனுக்கும் ஒழுங்காக ஒரு கேள்வி கேட்கத் தெரியாது. "மீன் ஒரு மாதிரியா இருக்கு, என்ன பண்ணலாம்?" என்று எழுதுவான். எந்த மீன்? என்ன மாதிரி? ஒன்றும் சொல்ல மாட்டான். நான் என்ன குறி சொல்லவா உட்கார்ந்திருக்கிறேன்? இன்னொருவன் செத்த மீனைப் படம் எடுத்துப் போட்டு, "பிழைக்குமா?" என்பான். அதற்கு முந்நூறு பேர் அழுகிற முகம் போடுவார்கள். இவர்கள் கையில் மீன் கிடைத்ததே அந்த மீனின் தலையெழுத்து.

குழுவை ஆரம்பித்தவர் ஒரு பல் டாக்டர். பெயர்தான் நிறுவனர், ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டார். எல்லாம் என் தலையில்தான். ஆகவே நானே ஒரு ஏற்பாடு செய்தேன். யார் என்ன எழுதினாலும் நேராகக் குழுவுக்குள் போகாது. முதலில் என்னிடம் வரிசையில் வந்து நிற்கும். மீனுக்கு நோய் என்று எழுதினால் ஐந்து விவரம் கட்டாயம். தொட்டி எத்தனை லிட்டர், மீன் எத்தனை, தொட்டி வைத்து எத்தனை நாள், தண்ணீரில் அமோனியா, நைட்ரைட் சோதனை அளவு, தெளிவான படம். ஒன்று குறைந்தாலும் நிராகரிப்பு.

நிராகரிப்பதற்கும் ஒவ்வொருவருக்காக உட்கார்ந்து எழுத என்னால் ஆகாது. ஒன்பது பதில் எழுதி வைத்திருந்தேன். நம்பரைத் தட்டினால் போய்விடும். நாலாம் நம்பர் இதுதான்: "விவரங்கள் முழுமையாக இல்லை. தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துச் சோதித்து, அளவுகளுடன் மீண்டும் பதிவிடவும்."

வரிசையில் ஒவ்வொரு பதிவிலும் முதல் இரண்டு வரியும், கீழே அந்த ஐந்து விவரங்களும்தான் தெரியும். மிச்சத்தைப் படிக்க "மேலும்" என்பதை அழுத்த வேண்டும். எடுத்த எடுப்பில் நான் அழுத்த மாட்டேன். ஐந்து விவரமும் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். இல்லையா, நாலு. ஒரு பதிவுக்கு மூன்று வினாடி.

அந்தத் திங்கட்கிழமை மதியம் 2.52. "ஒற்றைத்தொட்டி" என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார். பழைய உறுப்பினர். வீட்டில் ஒரே ஒரு தொட்டி வைத்துக்கொண்டு அதையே பெயராகவும் வைத்துக்கொண்டவர். இரண்டு வரி தெரிந்தது.

"மீனெல்லாம் ஒரு மூலையிலேயே ஒதுங்கி நிக்குது. என்ன காரணம்னு தெரியல."

விவரம் ஒன்றும் இல்லை. நாலு.

செவ்வாய், 2.52. அதே ஆள், அதே இரண்டு வரி. கீழே "60 லிட்டர்" என்று மட்டும் சேர்த்திருந்தார். ஐந்து கேட்டால் ஒன்று தருகிறார். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் பரீட்சை எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நாலு.

புதன், 2.52. "60 லிட்டர். மீன் 11."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு நாளைக்கு ஒரு விவரம் என்று தவணை முறையில் என்னோடு விளையாடுகிறாரா? நாலாம் நம்பரை அனுப்பினேன். அதோடு விடவில்லை. ஆளையே குழுவிலிருந்து தூக்கினேன். தூக்கியவரால் எதுவும் எழுத முடியாது. எழுதினாலும் என் வரிசைக்கு வராது. அப்பாடா, ஒன்று ஒழிந்தது.

வியாழன் மதியம் போன் அலமாரியின் மேல் இருந்தது. சத்தம் வராதபடிதான் வைத்திருப்பேன், முதலாளிக்குப் பிடிக்காது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

குளுக்.

தண்ணீருக்குள்ளிருந்து குமிழி வெடிக்கிற சத்தம். போனிலிருந்துதான் வந்தது. எடுத்துப் பார்த்தேன். 2.52.

ஒற்றைத்தொட்டி.

"60 லிட்டர். மீன் 11. தொட்டி வைத்து 4 நாள்."

முதலில் எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. தூக்கிய ஆள் எப்படி வந்தார்? அப்புறம்தான் மூன்றாவது விவரம் கண்ணில் பட்டது. நாலு நாளா? வருஷக்கணக்காக அதே தொட்டியை வைத்துக்கொண்டு படம் போட்டவர் இவர். பொய் வேறா?

பல் டாக்டருக்குப் போன் போட்டேன். யாருடைய வாய்க்குள்ளோ கருவியை விட்டுக்கொண்டு பேசினார். பின்னால் யாரோ "ஆஆ" என்று முனகுவது கேட்டது.

"ஒற்றைத்தொட்டின்னு ஒருத்தர். நேத்து தூக்கினேன். இன்னிக்கும் வர்றாரு. நீங்க திரும்பச் சேத்தீங்களா?"

"நான் எதுக்குய்யா சேக்கப் போறேன்? இரு, பாக்கறேன்." கருவியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. "அப்படி ஒரு பேரே இல்லையே. வரிசையிலயும் ஒண்ணும் இல்ல. காலியா இருக்கு."

"என் கண்ணு முன்னாடி இருக்கு சார்."

"வெயில்ல வந்தியா? தண்ணி குடி." வைத்துவிட்டார்.

இந்த மனுஷனிடம் கேட்டதே தப்பு. நாலை அனுப்பினேன். ஆனால் அனுப்பியதும் போனைத் தள்ளி வைத்தேன். பயம் என்று அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை. எங்கள் குழுவில் சனிக்கிழமை தோறும் வேண்டாத பொருளை இலவசமாகக் கொடுக்கலாம். தொட்டி, மோட்டார், கூழாங்கல், எதுவானாலும் முதலில் கேட்பவருக்கு. அந்தப் பதிவுகளும் என் வரிசைக்குத்தானே முதலில் வரும்? நல்ல பொருளாக வந்தால் அதை உள்ளே விடவே மாட்டேன். தனியாகப் பேசி நானே எடுத்துக்கொள்வேன். எல்லா அட்மின்களும் செய்வதுதான். ஒருவரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

முந்தின சனிக்கிழமை அப்படி ஒன்று வந்தது. ஒரு அம்மா புதிதாகக் கணக்கு ஆரம்பித்து எழுதியிருந்தார். "வீட்டுக்காரர் ஆசையாக வளர்த்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மீன், மோட்டார், ஹீட்டர் எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு போனால் போதும்." என் அக்கா மகள் ரொம்ப நாளாக மீன் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. வீட்டில் சுண்டெலி என்று கூப்பிடுவோம். பதிவை அப்படியே அமுக்கினேன். அந்த அம்மாவிடம் நம்பர் வாங்கி, அக்கா வீட்டுக்காரரை வேன் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தொட்டி அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. மாமா வாங்கித் தந்தார் என்று பெயர் வந்துவிட்டது, போதாதா?

வெள்ளிக்கிழமை 2.50-க்கே போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். பயந்து அல்ல, ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

2.51.

ஒரு வயதானவர் குனிந்து ஷட்டருக்குக் கீழே பார்த்து, "தலைவலி மாத்திரை இருக்கா?" என்றார். "நாலு மணிக்கு வாங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.

குளுக்.

"60 லிட்டர். மீன் 11. தொட்டி வைத்து 5 நாள்."

கூடவே ஒரு படம்.

பச்சையாக, கலங்கலாக இருந்தது. ஓரத்தில் ஒரு மீனின் வால். அது கேமராவுக்கு மிக அருகில் இருந்தது. அதற்கு அப்பால் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் ஒரு அறை. ஜன்னல், சோபா மாதிரி ஏதோ ஒன்று. எல்லாம் நெளிந்து நெளிந்து தெரிந்தன.

கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை.

பிறகு புரிந்தது. தொட்டியை வெளியிலிருந்து எடுத்த படம் இல்லை அது. தொட்டிக்குள்ளிருந்து வெளியே பார்த்து எடுத்தது...

தண்ணீர் புகாத போனாக இருக்கும், படம் காட்டுகிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். சோதனை அளவு இல்லை. படமும் தெளிவில்லை. நாலாம் நம்பரைத் தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் ஒரு வாடிக்கையாளருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

சனிக்கிழமை.

ஷட்டரை இறக்கவில்லை. முழுக்கத் திறந்து வைத்து, வெளிச்சத்தில் கவுண்டரிலேயே உட்கார்ந்தேன். தெருவில் ஆட்கள் நடமாட்டம் இருந்தது. எதிர்க் கடையில் யாரோ சிரித்தார்கள்.

2.52.

குளுக்.

"60 லிட்டர். மீன் 11. தொட்டி வைத்து 6 நாள். அமோனியா 0. நைட்ரைட் 0. படம் இணைத்துள்ளேன்."

ஐந்தும் இருந்தன. முழுமையான பதிவு. நாற்பத்தோராயிரம் பேரில் ஒருவர் ஒழுங்காக எழுதிவிட்டார். இனி நிராகரிக்க எனக்கு வழியில்லை. ஐந்தும் இருந்தால் முழுதாகப் படித்தாக வேண்டும். நான் போட்ட விதிதான்.

ஒற்றைத்தொட்டியின் பதிவில் முதல் தடவையாக "மேலும்" என்பதை அழுத்தினேன்.

"மீனெல்லாம் ஒரு மூலையிலேயே ஒதுங்கி நிக்குது. என்ன காரணம்னு தெரியல. தண்ணிக்குள்ள விரல் வெச்சா சுருக்குனு இழுக்குது. ஹீட்டர் பக்கத்துல ரொம்ப. எதுவும் கோளாறா இருக்குமா? கை விடலாமா, வேண்டாமா? யாராவது சொல்லுங்க."

அதற்குக் கீழே,

"தண்ணீர் சோதனை: அமோனியா 0. நைட்ரைட் 0. மின்சாரம் 230. இன்னிக்குத் தண்ணி மாத்தற நாள்."

படம் திறந்தது. கலங்கல் இல்லை. பளிங்கு மாதிரி தெளிவு. உள்ளிருந்து வெளியே... கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஒரு குழந்தை சிரித்தது. முன்பல் ஒன்று இல்லை.

சுண்டெலி.

அக்காவுக்குப் போன் போட்டேன். அடித்தது. எடுக்கவில்லை.

மறுபடி. எடுக்கவில்லை.

சனிக்கிழமை அரை நாள் பள்ளி. இந்நேரம் வந்திருப்பாள். அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டால் காதில் இடி விழுந்தாலும் கேட்காது.

கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. வழியில் ஒரு சிக்னல். நிற்கவில்லை. யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள்.

3.03. அக்கா வீடு.

கதவைத் தட்டினேன். தட்டவில்லை, இடித்தேன்.

"என்னடா, கடையை விட்டுட்டு...?" அக்கா கழுத்தில் டேப் தொங்கியது.

"சுண்டெலி எங்க?"

"உள்ள. தொட்டியைக் கழுவறேன்னா. ஏன்டா?"

தள்ளிக்கொண்டு ஓடினேன்.

ஸ்டூலின் மேல் நின்றிருந்தாள். வெறுங்கால். ஸ்டூல் இரும்பு. கீழே தரையெல்லாம் தண்ணீர். சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தாள். வலது கை தண்ணீருக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றது.

பதினோரு மீனும் இடது மூலையில்.

பிளக் சுவிட்சை அடித்தேன். மோட்டார் அடங்கியது. அவளை இடுப்போடு தூக்கிக் கீழே இறக்கினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

"ஏன் மாமா திட்டற? நான்தான் இன்னும் கையே விடலையே."

"ஏன்... ஏன் விடல?"

"விட முடியல மாமா. உள்ள இருந்து ஒரு கை வந்து என் கையைத் தள்ளி விடுது. மூணு தடவை தள்ளிடுச்சு."

அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் உலர்ந்திருந்தன. உள்ளங்கை உலர்ந்திருந்தது.

மணிக்கட்டைச் சுற்றி மட்டும் ஈரம். சில்லென்று.

எலெக்ட்ரீஷியன் நாலரைக்கு வந்தார். ஹீட்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். கண்ணாடிக் குழாயில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். "ஈரத் தரை, இரும்பு ஸ்டூல், வெறுங்கால். கை உள்ள போயிருந்தா அவ்வளவுதான் சார்" என்றார். "இது இப்ப விட்ட விரிசல் இல்ல. பாசி படிஞ்சிருக்கு பாருங்க. குறைஞ்சது ஒரு மாசம்." இந்த ஆறு நாளும் அக்கா வீட்டுக்காரர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தொட்டியில் வேலை செய்திருக்கிறார். சுண்டெலி மேலேயிருந்து தீனி மட்டும் தூவியிருக்கிறாள்.

அக்கா மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வாசலில் உட்கார்ந்து போனை எடுத்தேன். நான் நிராகரித்த பதிவுகளின் பட்டியல் எப்போதும் அப்படியே இருக்கும். அதை யாராலும் அழிக்க முடியாது, என்னாலும்கூட. ஒற்றைத்தொட்டி என்று தேடினேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து பதிவு இருக்க வேண்டும்.

ஒன்றுகூட இல்லை.

ஒரே ஒரு பதிவு இருந்தது. நாலு வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. வந்த நேரம் 2.52. நிராகரித்த நேரம் 2.53. நாலாம் நம்பர். "மேலும்" அழுத்தப்படவில்லை.

அந்த அம்மாவின் நம்பர் என்னிடம் இருந்தது. ஹீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் போன் போட்டேன்.

"தொட்டி எடுத்துட்டுப் போனவங்கதானே? மீனெல்லாம் நல்லா இருக்கா தம்பி?"

"நல்லா இருக்கும்மா. உங்க வீட்டுக்காரர்..."

"நாலு வாரம் ஆச்சு. செவ்வாய்க்கிழமை. நெஞ்சு வலின்னு டாக்டர் எழுதிக் குடுத்தார். அந்தத் தொட்டிகிட்டயே விழுந்துட்டார்."

"எத்தனை மணிக்கும்மா?"

"மூணு இருக்கும். உங்க குழுவுலதான் ஏதோ கேட்டுட்டு, போனையே பாத்துட்டு உக்காந்திருந்தார். பதில் வர்ற வரைக்கும் கிட்டயே போகல. பயமா இருக்கு, அவங்க சொல்லட்டும்னார். உடனே பதில் வந்துடுச்சு. படிச்சுட்டு, தொட்டியில இருந்து தண்ணி எடுக்கச் சொல்றாங்கன்னு சொல்லி, சமையல் ரூமுக்கு வந்து ஒரு டம்ளரை எடுத்துட்டுப் போனார்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பதில் போட்டது யாருன்னு விசாரிச்சுச் சொல்லுவீங்களா தம்பி? அத்தனை பேர் இருக்கற இடத்துல அவரையும் ஒரு ஆளா மதிச்சு, ஒரே நிமிஷத்துல பதில் சொல்லியிருக்காரு. ஒரு நன்றி சொல்லணும்."

விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஹீட்டரைப் பற்றி நான் சொல்லவில்லை. அந்த அம்மா அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.